இரண்டு அறுவைகளும் இல்லத்தின் கடமையும்



"முன்பு சிசேரியன் ஆனபோது பத்தாம் நாளே எழுந்து நடமாடிவிட்டேன். இப்போது கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். அதைவிட இது கடினமாக இருக்குமா, எளிதாக இருக்குமா?" என்று நாற்பது வயதைக் கடந்த பெண்மணிகள் கேட்பதை நம்மில் பலரும் செவியுற்றிருக்கிறோம். கேள்வி நியாயமானதே. ஒரே வயிற்றில், ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே உறுப்பின்மீது செய்யப்படும் இரு அறுவைகள் இவை. குழந்தையை வெளியே எடுப்பதற்காகக் கருப்பையைத் திறந்து மீண்டும் மூடுவது ஒன்று; கருப்பையையே அகற்றிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டிலிருந்தும் உடல் எவ்வாறு தேறுகிறது என்பதை மருத்துவர்கள் கூறியவற்றைக் கொண்டு ஒப்பிட்டுக் காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும். அவ்வாறு ஒப்பிடும்போது மருத்துவத்துக்கு அப்பாற்பட்ட ஓர் உண்மையும் புலப்படுகிறது. ஆறவேண்டிய புண் இரண்டிலும் பெரிதும் ஒத்திருப்பினும், அதற்கு இல்லமும் சட்டமும் அளிக்கின்ற ஓய்வு ஒத்திருக்கவில்லை என்பதே அது.

இவ்விரு அறுவைகளுக்கும் இடையே உள்ள உறவு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தால் தாய் பிழைப்பது அரிதாகவே இருந்தது. கருப்பையில் இட்ட கீறலைத் தைக்காமல் விட்டுவிடுவதே அக்கால மருத்துவர்களின் வழக்கம். அதனால் குருதிப்பெருக்கினாலும், பின்னர் உண்டாகும் சீழினாலும் தாய்மார் மாண்டனர். 1876ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பாவியா நகரில் எடுவார்தோ போர்ரோ என்னும் மருத்துவர், குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் அகற்றித் தாயைப் பிழைக்க வைத்தார். தாயின் உயிருக்கு அவள் கருப்பையே விலையாயிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1882இல், ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்பவர் கருப்பைச் சுவரைச் செம்மையாகத் தைத்து மூடும் முறையை விளக்கி எழுதினார். அதன் பின்னரே கருப்பையைக் காத்துக்கொண்டு தாயும் பிழைக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. இன்றும் பேற்றின்போது குருதிப்பெருக்கு எதற்கும் அடங்காமற் போனாலும், நச்சுக்கொடி கருப்பைச் சுவரினுள் ஊடுருவி வேரோடிப் போனாலும், தாயின் உயிரைக் காக்க இரு அறுவைகளையும் ஒருசேரச் செய்ய நேர்வதுண்டு.

முதலில் சிசேரியனை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே உணர்வை மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்தே இருப்பாள். அடிவயிற்றில், மயிர்க்கோட்டுக்குச் சற்று மேலாக, பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுக்கே கீறுகிறார்கள். தோல், அதன் கீழுள்ள கொழுப்பு, தசையைப் போர்த்தியுள்ள வலிய உறை ஆகியவை அறுக்கப்படுகின்றன. தசைகளைப் பெரும்பாலும் அறுப்பதில்லை. நடுவே இருபுறமும் விலக்குகிறார்கள். பிறகு வயிற்றின் உட்சவ்வைத் திறந்து, கருப்பையின் கீழ்ப்பகுதியில் கீறிக் குழந்தையை எடுக்கிறார்கள். குழந்தை சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் ஒவ்வோர் அடுக்காகத் தைத்து மூடுவதற்கே செல்கிறது.

கருவுற்ற காலத்தின் இறுதியில் ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. இச்சுருக்கம் இயற்கை செய்யும் பணி. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் தாயின் உடலில் ஊறும் ஒருவகை ஊறுநீர் இதற்குத் துணைபுரிகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் தோன்றும் இழுவலி இதன் அடையாளமே. நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பேற்றுக் கசிவு இருக்கும். முதலில் செந்நிறமாகவும், பிறகு பழுப்பாகவும், இறுதியில் வெளிறியும் அது மாறிவரும்.

இனிக் கருப்பை நீக்கத்தைக் காண்போம். இதில் மூன்று வழிகள் உண்டு. சிசேரியனைப் போல அடிவயிற்றைத் திறந்து எடுப்பது முதல் வழி. வயிற்றில் கீறல் எதுவும் இன்றிப் பிறப்புவழியாகவே எடுப்பது இரண்டாவது. வயிற்றில் சில சிறு துளைகளையிட்டு, ஒளிக்குழலையும் நுண்கருவிகளையும் உட்செலுத்திச் செய்வது மூன்றாவது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹாரி ரைக் முதன்முதலாகச் செய்த இம்முறையைத்தான் நம் மக்கள் லேப்பரோஸ்கோப்பி என்கிறார்கள். வழி எதுவாயினும் உள்ளே நடப்பது ஒன்றே. கருப்பையைத் தாங்கி நிற்கும் தசைநாண்களை வெட்டுகிறார்கள். அதற்குக் குருதியைக் கொண்டுவரும் பெருங்குழல்களை இறுக்கி அடைக்கிறார்கள். முன்னால் ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையை மெல்லக் கீழே ஒதுக்குகிறார்கள். கருப்பையின் கழுத்தையும் சேர்த்து எடுப்பதே பெரும்பான்மை வழக்கம். அவ்வாறு எடுத்தபின் பிறப்புவழியின் மேல்முனையைத் தைத்து மூடுகிறார்கள்.

இந்த மேல்முனைத் தையலைப் பற்றி நேயர்கள் சற்றுக் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இப்புண்ணே கருப்பை நீக்கத்தின் முதன்மையான புண். வயிற்றில் சிறு துளைகள் மட்டுமே தெரிவதைக் கண்டு, "இவ்வளவுதானா? ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். துளைகள் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்பது மெய்யே. உள்ளே தைத்த இடமோ ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஆறவேண்டிய புண். அது வலுவடையுமுன் கனமான பொருளைத் தூக்கினாலும், மலச்சிக்கலால் முக்கினாலும், தாம்பத்திய உறவு நேர்ந்தாலும் தையல் விட்டுப்போகக்கூடும். அவ்வாறு நேர்வது அரிது; நேர்ந்தால் உடனே மீண்டும் அறுவை செய்யவேண்டிய ஆபத்து அது.

இப்போது காலக் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் அறுவை முடிந்த மறுநாளைக்குள் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். சிசேரியன் செய்துகொண்டவர் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை மருத்துவமனையில் இருப்பது வழக்கம். வயிற்றைத் திறந்து கருப்பையை நீக்கினாலும் ஏறத்தாழ அதே அளவுதான். பிறப்புவழியாகவோ ஒளிக்குழல் வழியாகவோ நீக்கினால் ஒன்று முதல் மூன்று நாட்களில் வீடு திரும்பலாம். தோலின் மேற்புறம் இரண்டிலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். அன்றாட அலுவல்களுக்குத் திரும்ப, சிசேரியனுக்கு ஆறு வாரங்களும், வயிற்றைத் திறந்து செய்த கருப்பை நீக்கத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களும், மற்ற இரு வழிகளுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களும் ஆகும் என்பது பொதுக் கணக்கு. தசையுறை தன் பழைய வலிமையைப் பெறுவதற்கு மேலும் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே, புண்ணை மட்டும் வைத்து அளந்தால், இரண்டுக்கும் இடையே பெரிய வேற்றுமை இல்லை.

வேற்றுமை வேறிடங்களில் இருக்கிறது. அவற்றுள் நான்கினை இங்குக் கூறலாம்.

முதலாவது, அறுவைக்கு முன்பிருந்த உடல்நிலை. கருவுற்றவளின் உடலில் குருதியின் அளவு நாற்பது, ஐம்பது விழுக்காடு பெருகியிருக்கும். பேற்றின்போது இழக்கப்போவதற்கு இயற்கை முன்கூட்டிச் சேர்த்துவைத்த சேமிப்பு அது. கருப்பை நீக்கத்துக்கு வரும் பெண்ணின் நிலை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மிகுந்த மாதவிலக்கினாலோ கருப்பைக் கட்டிகளாலோ ஆண்டுக்கணக்கில் குருதியை இழந்து, சோகை பிடித்து, படியேறினாலே மூச்சு வாங்கும் நிலையில் அவள் அறுவைக்கு வருகிறாள். சேமிப்பு இருப்பவளையும் கடனில் இருப்பவளையும் ஒரே காலத்தில் மீளுமாறு கேட்பது முறையாகாது. எனினும் இதில் ஒரு நன்மையும் உண்டு. குருதி ஒழுகிய வாயில் அடைபட்டபின், இரும்புச்சத்தும் நல்லுணவும் கிடைத்தால், சில மாதங்களில் அவள் முன்னைவிடத் தெம்புடையவளாகிவிடலாம்.

இரண்டாவது, உறக்கம். கருப்பை நீக்கம் செய்துகொண்டவர் இரவில் உறங்கலாம். சிசேரியன் செய்துகொண்ட தாய்க்கு அந்தப் பேறு இல்லை. புதிய புண்ணோடு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து, குனிந்து, குழந்தையை எடுத்துப் பாலூட்ட வேண்டியிருக்கிறது. பெரிய அறுவை ஒன்றைச் செய்துகொண்டு, அன்றைய தினமே இரவும் பகலும் பிறிதோர் உயிரைப் பேணும் வேலையை ஏற்கும் நோயாளி வேறு யாரும் இல்லை எனலாம். கருவுற்ற காலத்தில் குருதி எளிதில் உறையும் இயல்பைப் பெறுகிறது. அவ்வியல்பு பேற்றுக்குப் பின்னும் ஆறு வாரங்கள் வரை நீடிக்கும். ஆதலின் கால் நாளங்களில் குருதிக்கட்டி உண்டாகும் அச்சம் சிசேரியன் தாய்க்குக் கூடுதல்.

மூன்றாவது, சினைப்பைகள். கருப்பையை நீக்கும்போது சினைப்பைகளை விட்டுவைத்தார்களா, அவற்றையும் எடுத்துவிட்டார்களா என்பதை ஒவ்வொரு பெண்ணும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விட்டுவைத்திருந்தால் மாதவிலக்கு நிற்குமேயன்றி, உடலின் பெண்மை ஊறுநீர்கள் தொடர்ந்து சுரக்கும்; ஆயினும் அவை இயல்பான காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே ஓயக்கூடும். எடுத்துவிட்டால், நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதையொட்டிப் படிப்படியாக வரவேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து சேரும். உடலெங்கும் திடீர் வெப்பம், இரவில் வியர்வை, உறக்கமின்மை, காலப்போக்கில் எலும்பு மெலிவு, இதயநோய்க்கான இடர் ஆகியவை தொடரலாம். இளவயதில் சினைப்பைகளை இழந்தவர்க்கு மாற்று மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கலந்துகொள்வது இன்றியமையாதது. சிசேரியன் தாய்க்கும் ஊறுநீர்களில் பெரும் மாற்றம் நிகழ்கிறது. ஆனால் அது சில மாதங்களில் தானே நேராகிவிடும் மாற்றம்.

நான்காவது, மனம். பேற்றுக்குப் பின் முதல் இரு வாரங்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கு உண்டு. அதற்கு மேலும் நீடித்து, குழந்தையையே பார்க்க மனம் இல்லாமல் போனால் அது மருத்துவம் வேண்டும் நோய். கருப்பை நீக்கத்துக்குப் பின் பலர் ஆண்டுக்கணக்கான வலியும் குருதிப்போக்கும் ஒழிந்தன என்று நிம்மதி அடைகிறார்கள். சிலரோ, குறிப்பாக மகப்பேறு எய்தாதவர்கள், சொல்ல இயலாத துயரத்தில் ஆழ்கிறார்கள். "உள்ளே வெற்றிடம் ஆகிவிட்டது, இனி நான் பாதிப் பெண்" என்று எண்ணுவோரும் உளர். கருப்பை இருந்த இடத்தைக் குடல் நிரப்பிக்கொள்கிறது. வெற்றிடம் என்று ஒன்று இல்லை. பெண்மை என்பதும் ஓர் உறுப்பில் அடங்கிக் கிடப்பதன்று. இதை அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர் முதலில் அவள் கணவரே.

இனி, தொடக்கத்தில் நான் சுட்டிய செய்திக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் என் கண்ணில் பட்ட ஒன்றுண்டு. பிள்ளை பெற்றவளுக்கு நம் நாட்டு மொழிகள் எல்லாம் தனிப்பெயர் சூட்டியிருக்கின்றன. இந்தியில் அவள் ஜச்சா; தெலுங்கில் பாலிந்த; கன்னடத்தில் பாணந்தி; வங்காளத்தில் பிரசூதி. மலையாளத்தில் அவளைப் பேணும் முறைக்கே பிரசவ ரக்ஷை என்று பெயர். வடநாட்டில் சவா மகீனா எனப்படும் ஒன்றேகால் மாத ஓய்வு அவளுக்கு உரியது. தமிழிலோ அவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்கிறோம். அவளைக் குடம் தூக்கவிடலாகாது, குளிர்ந்த காற்றில் நிற்கவிடலாகாது, தனியே விடலாகாது என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. கருப்பையை இழந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு இத்தகைய பெயர் எதனையும் எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. பெயர் இல்லாத நிலைக்கு வழக்கமும் இல்லை. தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார் இல்லை. பத்தியச் சோறு சமைப்பார் இல்லை. நாற்பது நாள் என்ற எல்லையும் இல்லை. தொட்டில் ஆடும் வீட்டில் தாயின் ஓய்வை நினைவூட்ட ஒரு குழந்தையின் அழுகுரலாவது இருக்கிறது. தொட்டில் இல்லாத வீட்டில் அடுப்பு அவளையே எதிர்நோக்கிக் காத்திருக்கிறது.

சட்டத்திலும் இதே வேற்றுமையைக் காணலாம். 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, இரு குழந்தைகள் வரை ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த அளவையே கைக்கொண்டது. கருச்சிதைவுக்கு 6 வாரங்களும், கருத்தடை அறுவைக்கு 2 வாரங்களும் அதில் உண்டு. கருப்பை நீக்கம் என்று ஒரு பிரிவு அதில் இல்லை. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் பேறுகாலத்துக்கு முழு ஊதியம் கிடைக்கிறது. கருப்பை நீக்கமோ பொது நோய்களோடு சேர்க்கப்படுவதால், ஊதியத்தில் 70 விழுக்காடு என்ற கணக்கில், ஆண்டுக்கு 91 நாட்கள் என்ற எல்லைக்குள் உதவி கிடைக்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்க்குப் பேறுகால விடுப்பு 180 நாட்கள். கருப்பை நீக்கத்துக்கு அவர்கள் தாம் ஈட்டிய விடுப்பையோ மருத்துவச் சான்றின்மீதான விடுப்பையோ செலவிடுகிறார்கள். கேரளம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் தம் அரசுப் பெண் ஊழியர்க்கு இவ்வறுவைக்கென 45 நாள் தனி விடுப்பு அளித்திருப்பது பாராட்டுக்குரியது. ஆறு வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட அந்த அளவு, மருத்துவர் கூறும் கணக்கோடு பொருந்தி வருவதை நேயர்கள் கவனிக்கலாம்.

வீடு தேடி வரும் கவனிப்பிலும் இவ்வாறே. அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட தாய்க்கு, 2011இல் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி, கட்டணமற்ற மருத்துவமும் ஏழு நாள் வரை உணவும் உண்டு. நாற்பத்திரண்டாம் நாள் வரையில் ஆஷா பணியாளர் குறித்த நாட்களில் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்க்கிறார். கருப்பை நீக்கத்துக்கு, 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பியபின் பதினைந்து நாள் வரையிலான மருத்துவச் செலவும் அதில் அடங்கும். புண் ஆறுவதற்கோ இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

இது ஒரு சிலரைப் பற்றிய செய்தி அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுப் பிறப்புகளில் 21.5 விழுக்காடு சிசேரியன் மூலம் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் அது 47.4 விழுக்காடு. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் கருப்பையை இழந்தவர்கள். ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் இவ்வெண்ணிக்கை நாட்டின் சராசரியைவிட இரு மடங்குக்கும் மேல்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டச் செல்லும் பெண்களின் நிலை 2019ஆம் ஆண்டில் நாடறிய வெளிவந்தது. அம்மாநில அரசு அமைத்த குழு 82,000க்கு மேற்பட்ட பெண் தொழிலாளரைக் கணக்கெடுத்தபோது, அவர்களுள் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்களாக இருந்தனர். மாதவிலக்கினால் ஒருநாள் வேலை தவறினாலும் கூலி போய் தண்டமும் கட்டவேண்டிய தொழில் அது. வெள்ளைப்படுதலுக்கும் வலிக்கும் மருந்து தேடிச் சென்றவர்கள், கருப்பையை இழந்து திரும்பினார்கள். வாங்கிய முன்பணத்தை அடைக்கக் கட்டுகளைத் தலையில் சுமக்கும் வேலைக்கு மீண்டும் சென்றார்கள். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் நெறிமுறைகளை வகுத்தது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் மாதத்தில் ஆணையிட்டது. மாத்திரை, கருப்பையினுள் வைக்கும் மருந்துச் சாதனம், கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை போன்ற வேறு வழிகள் பல நோய்களுக்கு உண்டு. ஆதலின், புற்றுநோய் போன்ற அவசரக் காரணம் இல்லாதபோது, "வேறு வழி இல்லையா?" என்று கேட்கவும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை.

அறுவை தேவையென்றே முடிவானால், அதன் பின்னர் இல்லம் செய்யவேண்டியவை யாவை? இவை இருவகை அறுவைக்கும் பொது.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது என்று பொருள் கொள்ளலாகாது. படுத்தே கிடந்தால் காலில் குருதி தேங்கிக் கட்டியாகும். முதல்நாள் முதற்கொண்டு வீட்டுக்குள்ளே சிறுசிறு நடையாக நடப்பதும், நாள்தோறும் அதைச் சற்றுக் கூட்டுவதும் நல்லது. விலக்கவேண்டியது பாரமே. சிசேரியன் தாய் தன் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் ஆறு வாரங்கள் தூக்கலாகாது. கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்க்கும் ஏறத்தாழ அதுவே அளவு. ஒரு குடம் தண்ணீர் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ எடையுள்ளது. நிறைந்த சமையல் எரிவாயு உருளை முப்பது கிலோவை நெருங்குகிறது. ஈரத்துணி நிறைந்த வாளியும், மாவு நிறைந்த பாத்திரமும், இடுப்பில் ஏறத் துடிக்கும் மூன்று வயதுப் பிள்ளையும் இவ்வரிசையிலேயே சேரும். இவற்றை அவள் கைக்கு எட்டாதபடி செய்வதே முதற்கடமை.

உணவில் தேவையற்ற பத்தியம் கூடாது. பேறு ஆனவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது மலத்தை இறுகச் செய்யும், சிறுநீர்க் கடுப்பை உண்டாக்கும், பாலையும் குறைக்கலாம். இருவருக்குமே தண்ணீர், கீரை, பழம், பருப்பு, உண்பவராயின் முட்டை, மீன் ஆகியவை தாராளமாக வேண்டும். பேற்றுக்குப் பின் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ள அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. சோகையோடு கருப்பை நீக்கம் செய்துகொண்டவரும் மருத்துவர் சொல்லும் காலம் வரை அம்மாத்திரையை விடாது உட்கொள்ள வேண்டும். இருமும்போதும் எழும்போதும் வயிற்றின்மீது ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி குறையும். தாம்பத்திய உறவை, சிசேரியனுக்குப் பின் ஆறு வாரங்கள் கழித்தும், கருப்பை நீக்கத்துக்குப் பின் மருத்துவர் பரிசோதித்து இசைவளித்த பின்னரும் தொடங்குவதே நலம். சிசேரியன் தாய் அடுத்த கருவுக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகளேனும் இடைவெளி விட வேண்டும். கருப்பையின் தழும்பு வலுப்பெற அவ்வளவு காலம் தேவை.

சில அறிகுறிகள் தோன்றினால் நாள் பார்க்காமல், நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ் அல்லது துர்நாற்றம், மணிக்கொரு துணி நனையும் அளவுக்குக் குருதிப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் அல்லது மார்வலி ஆகியவை இருவருக்கும் பொதுவானவை. பேறு ஆனவளுக்குக் கடுந்தலைவலியும் பார்வை மங்கலும் ஆபத்தின் அறிகுறிகள். கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்க்குச் சிறுநீர் ஓயாமல் தானாகக் கசிந்தாலும், பிறப்புவழியில் ஏதோ பிதுங்குவது போலத் தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது. கூச்சத்தினால் இவற்றைச் சொல்லாமல் மறைக்கும் பெண்கள் பலர். நாள்தோறும் ஒருமுறை பரிவுடன் கேட்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால், அந்தக் கூச்சம் நீங்கும்.

ஆக, முதலில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். கருப்பை நீக்கம் சிசேரியனைவிடக் கடினமா, எளிதா என்றால், புண்ணின் அளவில் இரண்டும் ஒப்பானவை. சிசேரியன் தாய்க்கு உறக்கம் குறைவு, துணை மிகுதி. கருப்பையை இழந்தவளுக்கு உறக்கம் உண்டு, துணை குறைவு. முன்னவளுக்குக் குழந்தையைப் பிறர் ஏந்தி இரவில் சில மணி நேரம் உறங்கவிட வேண்டும். பின்னவளுக்கு அடுப்பையும் குடத்தையும் பிறர் ஏற்று ஆறு வாரங்கள் தர வேண்டும். இரண்டும் பணத்தால் ஆகக்கூடியவை அல்ல. கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் மாமியாரும் கைகொடுத்தால் எளிய இல்லத்திலும் இயலக்கூடியவையே. பச்சை உடம்பு என்ற நல்ல சொல்லைப் பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் உரியதாக நம் முன்னோர் வைத்துவிட்டனர். அக்காலத்தில் வேறோர் அறுவையிலிருந்து பிழைத்து வீடு திரும்பும் பெண் இல்லை. இன்று இருக்கிறாள். அச்சொல்லையும், அச்சொல்லுக்குரிய நாற்பது நாளையும், அவளுக்கும் வழங்குவோமாக.